ஊருக்குச் சொன்ன கழுத்துவலி

கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு ஒரு மனுசர் பள்ளிக்கூட வேன் ஓட்டி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். நவமணி பார்த்துக்கொண்டு வந்தாள். தாராபுரத்திலிருந்து மூலனூர் போகிற தார்ரோடு, சாப்பாட்டு நேரம் தாண்டிய வெயில், மடியில் நாலு வயசு தருணிகா வாயெல்லாம் குச்சி ஐஸ் சாயத்தோடு தூங்குகிறாள், காலடியில் புது யூனிபாரமும் புது ஷூவும் இருக்கிற பை, வலது பக்கம் மாமனார் சென்னியப்பன். கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை, தாடைக்குக் கீழே நெட்டுக்குத்தாக. தலையைத் திருப்பவே முடியாது அவருக்கு. இடது பக்கம் பார்க்க வேண்டுமென்றால் தோளோடு சேர்ந்து உடம்பே திரும்ப வேண்டும், உடம்பு திரும்பினால் ஸ்டியரிங்கும் கூடவே திரும்பிவிடும், அதனால் அவர் இடது பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார். அந்தக் கழுத்தில் ஒரு நோவும் கிடையாது, அதுதான் இதிலே பெரிய கூத்து. கோயமுத்தூர் நரம்பு டாக்டர் சொன்னது மூளை. ஆஸ்பத்திரிப் படி இறங்கி வருவதற்குள்ளேயே அது கழுத்து ஆகிவிட்டது. மூளையைக் கழுத்துக்கு இறக்கியவர் அவள் வீட்டுக்காரர் மோகனசுந்தரம். மூளை என்று வெளியே சொன்னால் தங்கச்சி இந்துஜாவை எவன் பெண் பார்க்க வருவான், அந்தக் குடும்பத்தில் மூளைக் கோளாறு இருக்கிறது என்று ஒரு வார்த்தை போனால் போதாதா, கழுத்து எலும்பு தேய்மானம் என்று சொல்லிக்கொள்ளலாம், அது எல்லோருக்கும் வருகிறது, கவுரவமான சீக்கு என்றார். மருந்துக்கடையில் பட்டை வாங்கி, கார் நிறுத்துகிற இடத்தில் வைத்தே அப்பன் கழுத்தில் மாட்டியும் விட்டார். மாமனார் குழந்தை மாதிரி தாடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். ஊரே நம்பியது. கோழிச் சாறு வைத்துக் கொடுக்கச் சொல்கிறது, வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறது, தலையணை இல்லாமல் படுக்கச் சொல்கிறது. கழுத்துக்கு இத்தனை வைத்தியர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்று நவமணிக்கு இப்போதுதான் தெரிந்தது.

காலையில் கிளம்பும்போது மோகனசுந்தரம் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னதை அவள் மனசு மறுபடி மறுபடி எடுத்து நக்கிப் பார்த்தது, பல் விழுந்த குழியை நாக்கு தேடிப் போகிற மாதிரி. திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்குது, அப்பா ஓட்டலாமா வேண்டாமான்னு நீயே கூடப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, நீ என்ன சொல்றயோ அதுதான். அதுவரைக்கும் அந்த வீட்டில் சாம்பாருக்குக் கத்தரிக்காயா முருங்கைக்காயா என்பதைக்கூட அவள் சொல்லி நடந்ததில்லை. இது மட்டும் அவள் சொன்னதுதானாம். அவளுக்கு என்ன தெரியும், கிளட்ச் எது பிரேக் எது என்றுகூடக் காலைப் பார்த்துத்தான் சொல்லுவாள். ஆனால் இதற்குள்ளே இருக்கிற கணக்கு தெரியும். ஓட்டலாம் என்று சொல்லி ஏதாவது ஆகிப்போனால், இவள்தான் கூடப் போய்ப் பார்த்தாள், நல்லா ஓட்டுகிறார் என்று சொன்னாள் என்பார்கள். ஓட்ட வேண்டாம் என்று சொன்னால், வந்த மருமகள் மாமனாரை வண்டியை விட்டு இறக்கிவிட்டாள் என்பார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் அவள் மேல்தான் விழும். மகன் சுத்தமாக நின்றுகொள்வார், சட்டையில் ஒரு சொட்டு படாமல். பெற்ற மகனுக்கு அப்பனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையாம், கட்டிக்கொண்டு வந்தவளுக்கு வர வேண்டுமாம். சரி, பார்ப்போம், ஓட்டுகிறாரா, ஓட்டுகிறார். நேர் ரோட்டில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓட்டுகிறார். பஸ்ஸுக்கு ஒதுங்குகிறார், வேகத்தடையில் இரண்டாம் கியர் போடுகிறார், ஊர்ப் பிரிவு ஒன்றைத் தாண்டி ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தபோது அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் கால் பிரேக்கில் இருந்தது, மந்தை போகும் வரை விசிலடித்துக்கொண்டு காத்திருந்தார். கால் மறக்கவில்லை. கால் மறக்கவில்லை என்று மோகனிடம் சொல்லலாமே என்று அவள் நெஞ்சுக்குள் ஒன்று துள்ளியது. துள்ளியதும் பயமாகவும் இருந்தது, ஏனென்றால் டாக்டர் சொன்னதும் இதுதான். பழகின வேலை ஆழத்தில் கிடக்கும், அது கடைசியாகத்தான் போகும் என்றார் டாக்டர். திடீரென்று ஒன்று மாறினால் இதா அதா என்று முடிவெடுக்கிற இடம் இருக்கிறதே, அதுதான் முதலில் போகிறது. அப்படியானால் நேர் ரோட்டைப் பார்த்து மார்க் போட முடியாது. எதைப் பார்த்துத்தான் போடுவது.

அந்த டாக்டர் நல்லவர், சின்ன வயசு, விளக்கெண்ணெய் இறங்குகிற மாதிரி பொறுமை. ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, இதோ பாருங்க, இந்த வெள்ளை வெள்ளையா இருக்கிறதெல்லாம் என்று பேனா முனையால் தொட்டுக் காட்டினார். பெரிய குழாய்களெல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. அதிலிருந்து பிரிந்து உள்ளே போகிற தலைமுடி கனத்துக் குழாய்கள்தான் கெட்டுப்போயின. வருசக் கணக்காக ரத்தம் அழுத்தி அழுத்தி அதன் சுவர் தடித்துப் போய், உள்வட்டம் குறுகிப் போய், ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டது, அடைத்த இடத்துக்குப் பின்னால் இருக்கிற மூளைச்சதை தண்ணி இல்லாத செடி மாதிரி. அந்த இடத்தில் நவமணிக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அவர்கள் முருங்கைத் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய்தான் அது. கிணற்றுத் தண்ணீர் உப்பு, மோட்டார் நன்றாக ஓடும், பெரிய பைப்பில் தண்ணீர் சடசடவென்று போகும், ஆனால் சொட்டு விழுகிற பொத்தல் ஒவ்வொன்றாக உப்புப் பூத்து அடைத்துக்கொள்ளும், ஒரு வாரம் கழித்து அந்த மரம் மட்டும் இலை உதிர்க்கும். தோட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப்பசேலென்றுதான் இருக்கும். ஆசிட் விட்டுக் கழுவினா தொறந்துக்குமுங்களே என்று கேட்டே விட்டாள். டாக்டர் சிரித்தார். மோகனசுந்தரம் முறைத்தார். கழுவ முடியாதும்மா, காய்ஞ்ச மரம் காய்ஞ்சதுதான், இருக்கிற மரத்தையாவது காப்பாத்தலாம், பிரசர் மாத்திரையை ஒரு நாள் விடாமக் குடுங்க, உப்பைக் குறைங்க, பீடியை நிறுத்துங்க, இது படிப்படியா இறங்கும், ஒரு படி இறங்கிக் கொஞ்ச நாள் அப்படியே நிக்கும், அப்புறம் இன்னொரு படி, அடுத்த படியைத் தள்ளிப்போடறதுதான் நம்ம கையில இருக்கு என்றார். வீட்டுக்கு வருவதற்குள் மோகனசுந்தரம் காதில் இது, மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று ஆகியிருந்தது. மாத்திரையா. மாத்திரை எங்கே போனது என்று அவளைக் கேட்டால் சொல்லுவாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதாமாதம் கொடுத்த பிரசர் மாத்திரை அத்தனையும் இந்த மனுசர் ஊருக்குத் தானம் செய்தார். ஊர் ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவாரா, வழியில் யாராவது தலை கிர்ருங்குது அண்ணா என்பார்கள், உடனே மேல்பாக்கெட்டில் கையை விட்டு, இந்தா ஒண்ணு முழுங்கு, பிரசராட்ட இருக்குது. அந்த ஊரில் மாத்திரையும் சர்க்கரை, காப்பித்தூள் மாதிரிதான், ஒரு வீட்டில் தீர்ந்தால் அடுத்த வீட்டில் இரவல். ரோஸ் கலர் இருந்தாக் குடுங்கண்ணா, அந்த வெள்ளை ஒத்துக்கலீங்க என்று கேட்டு வாங்கிப் போவார்கள். அவர் முழுங்கியது என்றைக்கு? தலை வலித்த அன்றைக்கு மட்டும். வலிக்காத அன்னிக்கு எதுக்கு அம்மிணி மருந்து, உடம்பு மருந்துக்குப் பழகிப்போகும் என்று அவளுக்கே பாடம் சொல்லியிருக்கிறார். அவளும் தலையாட்டியிருக்கிறாள். அந்தக் குழாய்களுக்கு வலிக்கத் தெரியாது என்று யாருக்குத் தெரியும். வாய் இல்லாத குழாய்கள். சத்தமில்லாமல் உள்ளே ஒவ்வொரு மரமாகக் காய்ந்துகொண்டிருக்க, இவர் வெளியே எல்லோருக்கும் நல்லவராக விசிலடித்துக்கொண்டிருந்தார். அவர் மாத்திரையைத் தின்றவர்களெல்லாம் இப்போது குத்துக்கல்லாட்டம் நன்றாக இருக்கிறார்கள். அவர்கள்தான் வந்து கழுத்துக்கு எண்ணெய் சொல்கிறார்கள்.

வேனுக்குள் பழைய ரெக்ஸின் வெந்து ஒரு வாசனை வந்தது, குழந்தைகள் சிந்திய புளிச்சாதமும் பென்சில் சீவலும் சேர்ந்த வாசனை. தருணிகாவின் உச்சந்தலை வேர்த்து அவள் தாடையில் ஒட்டியது. அந்த இடம் இவள் பிறந்தபோது மெத்து மெத்தென்று துடித்துக்கொண்டிருக்கும், தொட்டால் உள்ளே ஒரு குருவி இருக்கிற மாதிரி. இந்த உச்சந்தலையை உலகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவரே இவர்தான். வலி எடுத்த அன்று மோகனசுந்தரம் மில்லில் ஷிப்டு, போன் எடுக்கவில்லை, மாமியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், இவர்தான் வேனில் பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மெத்தையைப் போட்டு, ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு குழியும் மனப்பாடம் மாதிரி வளைத்து வளைத்து ஓட்டினார். ஒரு குலுக்கல் இல்லை. இப்ப ஒரு பள்ளம் வருது அம்மிணி, மூச்ச இழுத்துப் புடிச்சுக்கோ, ஆச்சு, விட்டுரு என்று டாக்டர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். பிரசவ வார்டு வாசலில் நின்று, என்னோட வண்டில வந்த சாமானத்துக்கு ஒரு கீறல்கூட விழாது என்று நர்சம்மாவிடம் பெருமை அடித்தார். அந்த வீட்டில் அவளை முன்சீட்டில் உட்காரச் சொன்ன முதல் ஆள் இவர். மகன் சொன்னதில்லை. அந்த மனுசர் போன சித்திரையில் ஒரு நாள் காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, பொத்தானைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பொத்தான் தெரிகிறது, காஜா ஓட்டை தெரிகிறது, அடுத்தது என்ன என்பது மட்டும் வரவில்லை. அன்றிலிருந்துதான் நடையும் மாறியது, பாதத்தைத் தூக்காமல், தரை காந்தம் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டதுபோலக் குட்டிக் குட்டி எட்டாக. அவசரமாக ஒன்றுக்கு வரும், வேலி வரைக்கும் போவதற்குள் வேட்டி நனைந்துவிடும். யாராவது ஒரு டம்ளர் மோர் கொடுத்தால் கண்ணீர் விட்டு அழுவார், துக்கம் இல்லை, சந்தோசமும் இல்லை, மடை உடைந்த மாதிரி அதுவாக வரும். சென்னியப்பனுக்கு மனசு இளகிப்போச்சு, புண்ணியவான் என்று ஊர் மெச்சியது. அழுகையைத் தடுத்து வைக்கிற கம்பியும் உள்ளே அறுந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்ததை நவமணி யாரிடம் போய்ச் சொல்வாள். அவளுக்கும் இப்போதெல்லாம் பயம். உள்ளறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நின்றால் போதும், தலையைத் தடவிப் பார்க்கிறாள், ஏதாவது சொட்டு நின்றிருக்குமோ என்று. அவள் அம்மாவுக்கும் பிரசர் உண்டு. ஊறுகாய் இல்லாமல் நவமணிக்கும் ஒரு வாய் இறங்காது. மாமியாரோ இன்றைக்கும் மாமனார் தட்டில் மோர்மிளகாய் வைக்கிறாள், நாக்குக்கு ருசி வேண்டாமா பாவம் என்று. பாவமாம். அன்பும் பாவமும் சேர்ந்துதான் அந்த வீட்டில் ஆளைக் கொல்கிறது என்று நினைத்து, நினைத்ததற்காகக் குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் இடது பக்க இட்டேரியிலிருந்து, இரண்டு பக்கமும் வேலி அடைத்த அந்தக் குறுகல் தடத்திலிருந்து, ஒரு டிவிஎஸ் வண்டி பால் கேனோடு நுழைந்தது. நவமணிக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் தலை திரும்பாவிட்டாலும் அவர் கண் ஓரமாக அதைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே போனது. கால் அசையவில்லை. ஆட்டு மந்தைக்கு அசைந்த அதே கால். ஆடு கண்ணுக்கு நேரே ரோட்டை அடைத்துக்கொண்டது, இது பக்கத்திலிருந்து நுழைகிறது, ஒதுங்குவதா நிற்பதா ஹாரன் அடிப்பதா என்று மூன்று வழி இருக்கிறது, மூன்று வழி இருக்கிற இடத்தில்தான் அவருக்கு வழியே இல்லாமல் போகிறது. மாமா என்றாள். சத்தமாகக்கூட இல்லை, குழந்தை எழுந்துகொள்ளும் என்கிற நினைப்பு அந்த நேரத்திலும். அவர் மிதித்தார். வேன் முன்னால் குனிந்து நின்றது, பையிலிருந்து ஒரு ஷூ வெளியே உருண்டது. பால்காரர் காலை ஊன்றி வண்டியைச் சாய்த்து நிறுத்தி, கேன் மூடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ஆளை அடையாளம் கண்டார். அடையாளம் தெரிந்ததனால் வைய முடியாமல் கேலி வந்தது. ஏனுங்ணா, கழுத்துக்குக் கட்டுன பட்டையக் கண்ணுக்கும் சேத்துக் கட்டிப்போட்டாங்களா? மாமனார் சிரித்தார். நன்றாக, பல் தெரிய, பழைய சிரிப்பு. திரும்ப முடியலப்பா, கழுத்து, என்றார். கழுத்தைப் பாத்துக்கோங்ணா, திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணிருங்க, எம் பேரன் உங்க வேன்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறான் என்று சொல்லிவிட்டு அவர் போனார். வேன் கிளம்பியது. நவமணி உருண்ட ஷூவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டே திங்கட்கிழமை ஏறப்போகிறவர்களை எண்ணினாள். பால்காரரின் பேரன், மேலத் தோட்டத்து இரட்டைப் பிள்ளைகள், வாத்தியார் வீட்டுப் பையன், இந்த மடியில் கிடக்கிறவள். சென்னியப்பண்ணன் வேன் என்றால் தாய்மார்கள் ரோட்டுக்கே வர மாட்டார்கள், வாசலிலிருந்தே கையைக் காட்டிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பார்கள், அத்தனை நம்பிக்கை. மார்க் போட்டாகிவிட்டது. இனி யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் மனசு விடவில்லை, பட்டையைக் கழற்றிவிட்டால் பார்த்திருப்பாரோ, நிறுத்தத்தானே செய்தார், ஒரு கண்சிமிட்டு நேரம் தாமதம், அவ்வளவுதானே, நான் கூப்பிடாவிட்டாலும் நிறுத்தியிருப்பாரோ என்று வக்கீல் மாதிரி அவருக்காகப் பேசிக்கொண்டே வந்தது. எல்லாம் கழுத்தால்தான் என்று அவளுக்கே ஒரு நொடி தோன்றிவிட்டது. பொய் அப்படித்தான், ஊருக்குச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் வீட்டுக்குள்ளும் வந்து பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறது.

முருங்கைக்காய் மண்டி வந்தது. அங்கேதான் இடது பக்கம் திரும்ப வேண்டும், அவர் திருமணம் ஆன காலத்திலிருந்து திரும்புகிற இடம். மண்டியில் இன்றைக்கு லோடு லாரி நின்று பெயர்ப்பலகையை மறைத்திருந்தது. வேன் வேகம் குறைந்தது, அவர் கை இண்டிகேட்டரைத் தொட்டது, தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டது. தாண்டிப் போனார். நவமணி வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவரே கண்டுபிடிக்கட்டும், கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம், இப்போது சொல்லிக்கொடுத்துவிட்டால் பிறகு எனக்கு எப்படித் தெரியும் என்று பரீட்சைக்காரி புத்தி உள்ளேயிருந்து தடுத்தது. அடுத்த திருப்பத்தில் அவர் திரும்பினார், சந்தேகமே இல்லாதவர் மாதிரி, அழகாக. அது ஊருக்குப் போகிற தடம் இல்லை. கரண்டு எடுக்கிற காத்தாடிக் கம்பெனிக்காரன் தன் லாரி போக வரப் போட்டுக்கொண்ட செம்மண் ரோடு. இரண்டு பக்கமும் பொட்டல், அதில் நெட்டுக்கு நெட்டு வெள்ளைக் காத்தாடிகள், எல்லாம் ஒரே உயரம், எல்லாம் ஒரே பக்கம் முகம், உஸ் உஸ் என்று வானத்தைச் சீவிக்கொண்டு. ஒரு காத்தாடிக்கு ஒரு கிளைத்தடம், ஒவ்வொரு கிளையும் முன்னதைப் போலவே. நல்ல மூளை இருக்கிறவனே இங்கே தடுமாறுவான். வேன் ஒரு கிளையில் போனது, காத்தாடி அடியில் முடிந்தது, திரும்பியது, இன்னொரு கிளை, அதுவும் ஒரு காத்தாடி அடியில். அதன் நிழல் றெக்கை றெக்கையாக வேனுக்குள் விழுந்து தருணிகாவின் முகத்தைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. அவர் விசிலடிப்பதை நிறுத்தியிருந்தார். காதோரம் வேர்வை பட்டைக்குள் இறங்கியது. அந்தத் தலைக்குள்ளும் இப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள், ஒரு தடத்தில் போவது, அடைத்திருப்பது, திரும்புவது, அடுத்த தடம், அதுவும் அடைத்திருப்பது. பின்னால் திரும்பிப் பார்த்தால் தார்ரோட்டில் பஸ் போவது அவளுக்குத் தெரிகிறது. ஒரே ஒரு வார்த்தை, பின்னால போங்க மாமா என்றால் தீர்ந்தது. ஏன் சொல்லவில்லை? அவளுக்கே அவள் மேல் வெறுப்பாக வந்தது. பிரசவத்துக்குக் கூட்டிப்போகும்போது ஒவ்வொரு பள்ளத்தையும் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வந்த மனுசரை, பள்ளத்துக்குள் விழ விட்டு, விழுவதை எண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே. இதைத்தானா மோகன் செய்யச் சொன்னார்? இதைத்தான் சொன்னார். பார்த்துவிட்டு வந்து சொல் என்றால் இதுதான் அர்த்தம். கூடப் போய்க் கைகொடு என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது காத்தாடி அடியில் அவர் இன்ஜினை அணைத்தார். உஸ் உஸ் சத்தம் திடீரென்று பெரிதாகியது. இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்க, கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். மோருக்கு அழுகிறவர் இதற்கு அழவில்லை. நவமணி பைக்குள் கையை விட்டுப் போனைத் துழாவினாள், மோகனசுந்தரத்தை வண்டியில் வரச் சொல்லலாம், அவர் வந்து இந்த வேனைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போகட்டும், எப்படியாவது வீடு போய்ச் சேர்ந்தால் போதும், குழந்தைக்குப் பசிக்கும். போனை எடுத்துவிட்டாள், அழுத்தவில்லை. மாமா, தடம் அந்தப் பக்கமுங்க என்று அப்போதுதான், எல்லாம் முடிந்த பிறகு, சொன்னாள்.

"தெரியும் அம்மிணி. அந்தப் பக்கம்னு தெரியுது. எப்படிப் போறதுன்னுதான் வரமாட்டீங்குது." குரல் தெளிவாக இருந்தது, கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையையும் கையால் தூக்கி வைக்கிற மாதிரி. "மண்டிகிட்ட நீ வாயத் தொறந்தது எனக்குத் தெரிஞ்சுது. மூடுனதும் தெரிஞ்சுது."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குழந்தையின் தலையைப் பார்த்தாள்.

"நீ பண்ணுனது சரிதான். அவன் பாத்துட்டு வரச் சொன்னானா?"

நவமணி கையிலிருந்த போனைப் பை மேல் கவிழ்த்து வைத்தாள். அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. மோகனுக்குப் போன் போடப் போறயா என்று கேட்டார். போடறனுங் மாமா என்றாள். போடு, ஆனா சித்த இரு, தலை இப்பத் தெளிவா இருக்குது, இது எப்பப் போகும்னு தெரியாது, அதுக்குள்ள ஒண்ணு சொல்லிப்போடறேன் என்றார். சொல்ல வந்ததைத் தேடினார். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. முன்பெல்லாம் அவர் வார்த்தை தேடினால் அவள் எடுத்துக் கொடுத்துவிடுவாள். இந்த முறை கொடுக்கவில்லை. இந்த முறை அது பரீட்சை இல்லை. அவருடைய வார்த்தை அவருடையதாகவே வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள், காத்தாடியின் நிழல் அவர்கள் மூன்று பேர் மேலும் வந்து வந்து போக.

"திங்கக்கெழம கொழந்தைகள ஏத்தக்கூடாது. ஒண்ணையுங்கூட. இத நாஞ் சொல்லோணும், எனக்கு மானம் போவுது, வாய் வராது. அவனும் சொல்லமாட்டான். நீ சொல்லிப்போடு. நாஞ் சொன்னன்னு சொல்லாதே, நீ சொன்னதாவே இருக்கட்டும். உன்னத்தான் எல்லாரும் பேசுவாங்க. பேசட்டும்." அவர் நிறுத்தினார். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து வேட்டி மேல் வைத்துக்கொண்டு, முதல் முறையாக உடம்பு முழுவதையும் அவள் பக்கம் திருப்பினார். "நாளைக்கு எனக்கு இது ஞாபகம் இருக்காது அம்மிணி. என்ர வண்டியப் புடுங்கிப்போட்டாள்னு நானும் அவங்களோட சேந்து உன்ன வைவேன். அழுவேன், சாவியக் கேட்டு உன்ர கால்லகூட விழுவேன். அப்ப நீ மனசு எளகி என்ர கையில குடுத்துறாதே."